மொழி வராத பிள்ளை

"எனக்கு மொழியெல்லாம் வராதும்மா. விடு."

இதைச் சொன்னபோது என் மகளுக்குப் பதிமூன்று வயது. சொன்ன இடம் கிள்ளானில் எங்கள் வீட்டு அடுப்படி. கையில் இருந்த கரண்டியைச் சிங்க்குக்குள் வீசினேன். அவ்வளவு ஆத்திரம். ஏனென்றால் அதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சீன ஆன்டியின் பூனை எங்கள் செருப்பு அடுக்கில் குட்டி போட்ட வழக்கை, அந்த ஆன்டியோடு ஹொக்கியன் சீனத்தில் பேசித் தீர்த்துவிட்டு வந்திருந்தாள். அதற்கும் முன்னால், மோட்டாரில் வரும் ரொட்டிக்காரரை மறித்து, முந்தாநாள் கொடுத்த ரொட்டியில் பூஞ்சை இருந்தது என்று மலாயில் வாதாடி வேறு ரொட்டி வாங்கியிருந்தாள். தோழியோடு போனில் இங்கிலீஷ். என்னோடு தமிழ். நாலு மொழியில் வாயாடிவிட்டு வந்து நிற்கிற பெண்ணுக்கு மொழி வராதாம்! கேட்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

"வராதுன்னு யாருடி உனக்குச் சொன்னா?" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அந்தப் பார்வைக்கு எனக்கு அன்று அர்த்தம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கரண்டியை வீசியிருக்க மாட்டேன், அதாலேயே என் வாயில் ஒன்று போட்டிருப்பேன்.

விஷயம் இதுதான். அவள் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளியில் முதல் படிவம், அதாவது ஏழாம் வகுப்பு, சேர்ந்திருந்தாள். அந்தப் பள்ளியில் புதன்கிழமை மதியம் ஜப்பானிய மொழி வகுப்பு. இருபத்தைந்து பேருக்குத்தான் இடம். வேறு எதற்கும் என்னிடம் கெஞ்சாதவள் இதற்குக் கெஞ்சினாள். ஐந்தாம் வகுப்பிலிருந்தே ஜப்பான் கார்ட்டூன் பார்த்துப் பார்த்து, ஒரு பழைய கணிதப் புத்தகத்தின் கட்டங்களுக்குள் அந்த எழுத்துகளை வரிசையாக எழுதிப் பழகி வைத்திருந்தாள். குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். தண்ணீர், பால், முட்டை, அம்மா, அப்பா, பூனை என்று நாற்பது சொற்கள். அவள் அப்பா தண்ணீர் எடுக்கப் போனால், அதற்கு ஜப்பானில் என்ன சொல்வார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். லோரி ஓட்டிவிட்டுத் தாகத்தோடு வருகிற மனுஷன், அதையும் சொல்லிவிட்டுக் குடிப்பார்.

அந்தத் திங்கட்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். இவள் பெயர் இல்லை. வாசலிலேயே ரொட்டி வழக்கும் பூனை வழக்கும் முடித்துவிட்டு உள்ளே வந்தாள், உடுப்புக்கூட மாற்றவில்லை, குளிர்பெட்டிக் கதவில் இருந்த தாளைப் பிய்த்து நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன். அழவில்லை. "வராதும்மா, விடு" என்றாள், ஏதோ நெடுநாளாகத் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. யார் செய்த வேலை இது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூடம்தான். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைதானே என்று தூக்கி எறிந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாததா?

நான் கேரித் தீவில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவள். மலாய் மொழியில் மதிப்பெண் போதவில்லை என்று முதல் படிவத்துக்கு முன்னால் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் உட்கார வைத்தார்கள். ஒரு வருஷம்! என்னோடு ஒத்த வயசுப் பிள்ளைகள் அடுத்த கட்டடத்தில் அறிவியல் கூடத்தில் நிற்க, நாங்கள் இந்தப் பக்கம் நாற்காலி, மேசை, ஜன்னல் என்று மலாயில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் எங்கள் வாத்தியார் சாக்கட்டியைப் போட்டுவிட்டு, "உங்க தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு மொழி ஏறாது, நான் என்ன செய்ய" என்றார். அவர் நம் ஆள்தான், தமிழர்தான், அதைத் தமிழிலேயே சொன்னார். அதைச் சொன்னது ஒரே ஒரு தடவை. இன்று எனக்கு நாற்பத்தாறு வயது, அந்த வாக்கியம் போன பாடில்லை.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறேன். காலையில் கதவு திறந்ததிலிருந்து வாய் ஓயாது. மலாய்க்காரப் பாட்டனாருக்குப் பல்செட்டை எப்படிக் கழற்றுவது என்று மலாயில் சொல்ல வேண்டும், செராஸிலிருந்து வரும் சீனத்திக்குக் கொஞ்சம் கன்டனீஸ், டாக்டரிடம் இங்கிலீஷ், பங்களாதேஷ் தம்பிக்குச் சினிமா பார்த்துக் கற்ற ஹிந்தி. "எத்தனை பாஷைக்கா பேசுறீங்க!" என்று யாராவது வியந்தால், "அட நீங்க வேற, எல்லாம் பட்லர் பாஷைதான்" என்று சிரித்துவிடுவேன். அந்தச் சிரிப்பும் அந்தப் பதிலும் எனக்குச் சட்டென்று வரும், யோசிக்கவே வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு எடுத்தேன். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கோமுட்டர் ரயிலில் கிள்ளான் வருகிற வரைக்கும் சண்டையை மலாயில் ஒத்திகை பார்த்தேன். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, எந்த இடத்தில் குரலை உயர்த்துவது, எந்த இடத்தில் கல்வி இலாகாவுக்கு எழுதுவேன் என்று மிரட்டுவது. பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். வாய் விட்டே பேசியிருக்கிறேன் போல.

ஜப்பானிய மொழி டீச்சர் மலாய்க்காரர். ஜப்பானில் போய்ப் படித்துவிட்டு வந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். எழுந்து நின்று உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. ஒத்திகை பார்த்ததை அப்படியே கொட்டினேன். என் பிள்ளை நாலு மொழி பேசுகிறவள், தமிழ்ப்பள்ளிப் பிள்ளை என்றால் உங்களுக்கு இளக்காரமா, யார் முடிவெடுத்தது, எந்தப் பரீட்சை வைத்து எடுத்தீர்கள், எனக்கு இப்பவே தெரிய வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்டேன். ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் கத்தினேன்.

டீச்சர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒரு கோப்பைத் திறந்து, என் மகளின் தாளை எடுத்து, என் பக்கம் திருப்பி வைத்தார். பெற்றோர் சந்திப்பு நாளில் அவர் எழுதி வைத்த குறிப்பு அது. மலாயில் இரண்டே வரி. மாணவி மொழியில் பலவீனம் என்று தாயார் சொல்கிறார். கூடுதல் சுமை வேண்டாம்.

"புவான் நீங்கதான் சொன்னீங்க," என்றார், அம்மா என்பதற்கு மலாயில் உள்ள மரியாதைச் சொல்லோடு. குரலில் குத்தல் இல்லை. அவருக்கு உண்மையிலேயே குழப்பம். "உங்க மகளை எனக்கு வகுப்புல எடுக்கணும்னு ஆசை. அதனாலதான் உங்ககிட்ட முதல்லயே பேசினேன்."

எனக்கு நினைவு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வந்தது.

பெற்றோர் சந்திப்பு அன்று வரிசையாகப் பார்த்த டீச்சர்களில் இவரும் ஒருவர், இதே மேசை. மகள் என் பக்கத்தில் நிற்கிறாள். "உங்க பிள்ளைக்குக் காது ரொம்பக் கூர்மை. சேர வந்தவங்ககிட்ட ரெண்டு ஜப்பான் வார்த்தை சொல்லிப் பார்த்தேன், ஒரு தடவை சொன்னா அப்படியே திருப்பிச் சொல்றா. மொழி நல்லா வரும்" என்றார் டீச்சர். நான் பதறிப் போனேன். அந்த அறையில் எத்தனை தாய்மார்கள், எத்தனை கண்! "ஐயையோ, இல்லை டீச்சர்! இவளா? மொழியில ரொம்ப வீக். மலாயே தடுமாறும். வீட்டுல புத்தகத்தைத் தொட மாட்டா" என்று மலாயில் சொல்லிவிட்டு, அந்தச் சிரிப்பைச் சிரித்தேன். கிளினிக்கில் சிரிக்கிற அதே சிரிப்பு.

நம் ஆட்களுக்கு இது புரியும். ஒருத்தி உன் பிள்ளையைப் புகழ்ந்தால் நீ உடனே இறக்கிப் பேச வேண்டும். 'கொழுகொழுன்னு இருக்கானே' என்றால் 'எங்கக்கா, ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கறான்'. 'நல்லா படிக்குதாமே' என்றால் 'அட போங்க'. ஆமாம், படிக்கும் என்று சொல்கிறவள் திமிர் பிடித்தவள், நாளைக்கே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவள் வாய்தான் காரணம். எதிரில் இருக்கிறவளுக்கும் தன் பங்கு தெரியும். 'சும்மா இருங்க, சமத்துப் பிள்ளையைப் போய்' என்று அவள் தூக்கி நிறுத்துவாள். இறக்குகிறவள் இறக்குவாள், தூக்குகிறவள் தூக்குவாள், கண்ணும் படாது, அதோடு சரி. பாவம், அந்த டீச்சருக்கு யார் இதைச் சொல்லித் தந்தார்கள்? பெற்ற தாய் சொன்னதை நம்பி, மரியாதையாக, பிள்ளைக்குச் சுமை வேண்டாம் என்று எழுதி வைத்தார். அவரைத்தான் நான் ஊர் கேட்கக் கத்திக்கொண்டிருந்தேன்.

கண்ணூறு என்பதை அவருக்கு மலாயில் விளக்கப் பார்த்தேன். எனக்கே கேவலமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. ஒரு மாணவன் விலகியிருக்கிறான், வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த இடம் காலியாக இருக்கும் என்றார். "ஆனா இந்தத் தடவை உங்க பேச்சு வேணாம், புவான். அவளே வந்து என்கிட்ட வேணும்னு சொல்லட்டும்."

இவ்வளவுதானே, வீட்டுக்குப் போய்ச் சொன்னால் குதிப்பாள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் சொன்னேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"வேணாம்."

"ஏண்டி வேணாம்? நீதானே ஆசைப்பட்ட?"

"வராதும்மா."

"வரும்டி! டீச்சரே சொல்றாங்க."

"நீ வராதுன்னு சொன்னல்ல."

"அது சும்மா! கண்ணு படக்கூடாதுன்னு சொன்னது. உனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். "எது சும்மா, எது நெசம்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள். பிறகு, மடித்த துணிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். பூச்சோங்கில் அத்தை வீட்டுப் புதுமனைப் பூசையில் என்ன சொன்னேன். கோயில் அன்னதான வரிசையில் நின்ற அக்காவிடம் என்ன சொன்னேன். டியூஷன் டீச்சரிடம் என்ன சொன்னேன். ஆறாம் வகுப்பில் கதை சொல்லும் போட்டியில் முதல் பரிசு வாங்கி அவள் மேடையிலிருந்து இறங்கி வந்தபோது, பாராட்டிய அங்கிளிடம், 'மத்த பிள்ளைங்க சரியா பேசல, அதான் இவளுக்குக் கிடைச்சிருச்சு' என்று சொன்னேனாம். எனக்கு அது ஞாபகமே இல்லை. அவளுக்கு அங்கிள் போட்டிருந்த சட்டை நிறம்வரை ஞாபகம் இருந்தது.

"சரி, வெளியில அப்படிச் சொல்லித்தான் ஆகணும்," என்றாள். "வீட்டுக்கு வந்து என்கிட்டயாச்சும் மாத்திச் சொல்லியிருக்கலாம்ல? ஒரு தடவை?"

பள்ளிக்கூடத்தில் அத்தனை பேர் முன்னால் கிழித்துத் தோரணம் கட்டிய வாய்க்கு, அடுப்படியில் ஒரு வார்த்தை வரவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கேரித் தீவு வாத்தியாரை முப்பது வருஷத்துக்கு மேலாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த மனுஷன் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் வெறுப்பில். நான் என் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தோளில் கை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே, பதிமூன்று வருஷம் சொல்லியிருக்கிறேன். யார் மோசம்?

புதன் முழுக்க அவளிடம் கெஞ்சினேன், மிரட்டினேன், கடைசியில் அவள் அப்பாவை ஏவிவிட்டேன். அவர் குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று, "தண்ணிக்கு என்னம்மா சொல்லணும்? மறந்துட்டேனே" என்று கேட்டார். "சும்மா எடுத்துக் குடிங்கப்பா" என்றாள். அந்த மனுஷன் குடிக்காமலே போய்விட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பூச்சோங்கிலிருந்து என் நாத்தனார் வந்தாள். மகன் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வந்திருந்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்த நேரம் பார்த்து, வேலி ஓரம் சீன ஆன்டி மகளைக் கூப்பிட்டார். பூனைக்குட்டிகளில் ஒன்றைக் காணவில்லையாம். மகள் வாசலில் நின்று ஹொக்கியனில் விசாரித்து, ஆறுதல் சொல்லி, குட்டியைக் கார் டயருக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாத்தனார் வாயைப் பிளந்தாள். "ஏ அப்பா! சீனத்தி மாதிரியே பேசுதே! உனக்கு எல்லா பாஷையும் வரும் போலயே லா!"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "ஐயையோ, இல்லை அத்தை! எனக்கா? எனக்கு மொழியில ரொம்ப வீக்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

என் சிரிப்பு. அச்சு அசலாக என் சிரிப்பு. தலையை ஒரு பக்கம் சாய்த்து, கையை ஆட்டி, நான் கவுண்டரில் சிரிக்கிறதை அப்படியே அந்தச் சின்ன முகத்தில் பார்த்தேன்.

"வரும்!" என்று கத்தினேன்.

நாத்தனார் திடுக்கிட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளுக்கு மொழி வரும். நல்லா வரும். நாலு மொழி பேசுறா, அஞ்சாவதும் பேசுவா. யார்கிட்டயும் கத்துக்காமலே ஜப்பான் எழுத்து எழுதுறா. கெட்டிக்காரி. என்னைவிடக் கெட்டிக்காரி, இந்த வீட்டுலயே அவதான் கெட்டிக்காரி!"

"மெதுவா அண்ணி," என்றாள் நாத்தனார். அவள் முகம் வெளுத்துவிட்டது. "வெள்ளிக்கு முன்னாடி நாளு, வெளக்கு வைக்கிற நேரம். பெத்தவ கண்ணுதான் முதல்ல படும்."

"படட்டும்! பட்டா படட்டும். இத்தனை வருஷம் படாம பொத்திப் பொத்தி வச்சு என்ன கண்டேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணத்துக்கு அழைக்க வந்தவள் முன்னால் கண்ணீர் விடக்கூடாது என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். நாத்தனார் சும்மா இருப்பாளா, உப்பும் மிளகாயும் கேட்டு வாங்கி மகளை வாசலில் நிறுத்திச் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். மகள் மறுப்புச் சொல்லாமல் நின்றாள். உள்ளே வந்தபோது அடுப்படி வாசலில் கொஞ்ச நேரம் நின்று என்னைப் பார்த்தாள். நான் பாத்திரம் கழுவத் தொடங்கினேன், பேசிப் பேசித்தானே இந்த லட்சணம்.

வெள்ளிக்கிழமை காலையில் காலுறையை மாட்டிக்கொண்டே, "நீ வேலைக்குப் போகணுமா, லேட்டா போலாமா?" என்று கேட்டாள். லேட்டாகப் போகலாம் என்றேன்.

ஆசிரியர் அறை வாசலில், "நீ உள்ள வராத" என்றாள். நின்றுவிட்டேன். கதவு பாதி திறந்திருந்தது. டீச்சரின் மேசை அங்கிருந்து தெரியும். மகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். என் பங்குக்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"வேணுமா?" என்று டீச்சர் மலாயில் கேட்டார்.

"வேணும்."

டீச்சர் பட்டியலை எடுத்து, கடைசிப் பெயருக்குக் கீழே அவள் பெயரை எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, "முடியுமா?" என்றார்.

மகள் கொஞ்சம் யோசித்தாள். "தெரியல டீச்சர். அம்மா முடியும்னு சொல்றாங்க."

டீச்சரின் பேனா நின்றது. அந்த இரண்டு வரிக் குறிப்பு அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"எப்போலேருந்து?"

"நேத்துலேருந்து" என்றாள் என் மகள்.